லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, முறுக்கினால் மட்டும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் நகரவில்லையா? கடைக்குத் தள்ளும் முன் இதையெல்லாம் பாருங்கள்

காலையில் கிளம்புகிற அவசரத்தில் சாவியைத் திருப்புகிறீர்கள். மீட்டர் எரிகிறது, பேட்டரி முழுதாகக் காட்டுகிறது, ஹாரனும் அடிக்கிறது, ஆனால் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இல்லையென்றால் நேற்றுவரை நன்றாக இழுத்த வண்டி இன்று பிக்கப்பே இல்லாமல் ஊர்ந்து போகிறது. தள்ளிக்கொண்டு கடைக்குப் போனால் பல நேரம் முதலில் காதில் விழுவது "கன்ட்ரோலர் போயிடுச்சு" என்பதுதான். கன்ட்ரோலர் என்றால் பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்குத் தேவையான அளவில் அனுப்பும் பெட்டி.

போயிருக்கவும் செய்யலாம். ஆனால் கோபியில் இருக்கும் என் சித்தியின் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் நனைந்த மறுநாள் வண்டி நின்றுவிட்டது, ஒரு கடையில் கன்ட்ரோலரை மாற்றிக் கொடுத்தார்கள், நாலு நாள் ஓடியது, அடுத்த மழைக்குத் திரும்பவும் அதே கதை. தீபாவளிக்குப் போனபோது நான் பார்த்தேன். பிரேக்கைத் தொடாமலே பின்னால் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. இடது பிரேக் லீவருக்குள் இருக்கும் சின்ன சுவிட்சில் தண்ணீர் இறங்கி ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த சுவிட்ச் நூறு ரூபாய்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவருக்கு அந்த கன்ட்ரோலர் பணம் சின்னத் தொகை இல்லை, அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நகராமல் நிற்கும்போது பெரிய பாகம் எதுவுமே கெடாமல் இருக்கலாம். எங்கோ ஒரு சுவிட்ச் கன்ட்ரோலருக்கு "போகாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கன்ட்ரோலர் அதைக் கேட்டுச் சும்மா நிற்கும், அதன் வேலையே அதுதான். அதனால் தேடும்போது காசு செலவில்லாத இடத்தில் ஆரம்பித்து, விலை அதிகமான பாகத்துக்குக் கடைசியில் வர வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் தேவையில்லாமல் பணம் போகும்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறேன்

நான் சொல்வது பெரும்பாலும் 48 வோல்ட், 60 வோல்ட் பேட்டரி வைத்த, பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கிற சாதாரண ஸ்கூட்டர்களுக்கு. பதிவு எண் தேவையில்லாமல், மணிக்கு 25 கி.மீ.க்குள் ஓடும் 250 வாட் வண்டிகள் எல்லாம் இதில் வரும். இவற்றின் வயரிங் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே முக்கால்வாசி பார்த்துவிடலாம். ஓசூரில் தயாராகும் ஏத்தர், டிவிஎஸ் ஐக்யூப், போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா போன்ற வண்டிகளில் எல்லாமே மென்பொருள் கட்டுப்பாட்டில் ஓடுகிறது, அவற்றுக்கு என்ன செய்யலாம் என்று கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

கை வைக்கும் முன்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள், பின் சக்கரம் தரையைத் தொடக்கூடாது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நகராத வண்டியில் ஏதோ ஒரு கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியை) அசைக்கும்போது திடீரென்று மோட்டார் உயிர் பெறும், அப்போது சக்கரம் தரையில் இருந்தால் வண்டி சுவரில் போய் மோதும், எதிரில் குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மோதிரம், கடிகாரம், வளையல் கழற்றிவிடுங்கள். 60 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைக்கு நடுவில் ஒரு மோதிரமோ ஸ்பேனரோ பட்டால் அது நொடியில் பழுத்துவிடும். எந்தக் கப்ளரைக் கழற்றுவதானாலும் சாவியை அணைத்து, சீட்டுக்கு அடியிலோ ஃபுட்போர்டுக்கு அடியிலோ இருக்கும் எம்.சி.பி.யை, அதாவது பேட்டரி மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் சுவிட்சை, கீழே தள்ளிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்துக் கழற்றுங்கள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

சாமான் என்றால் மல்டிமீட்டர் ஒன்று, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 10ஆம் நம்பர் ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், ஒரு பாட்டில் காண்டாக்ட் கிளீனர். மல்டிமீட்டர் எலெக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கட்டாயம் வாங்கி வையுங்கள்.

கருவி எதுவும் இல்லாமல் பார்க்க வேண்டியவை

சைடு ஸ்டாண்டை முழுதாக மேலே தள்ளுங்கள். பல வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் மோட்டார் ஓடாதபடி ஒரு சென்சார் இருக்கும், அதில் சேறு அடைத்துக்கொண்டால் ஸ்டாண்டு மேலே இருந்தாலும் இறங்கியிருப்பதாகவே நினைக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்புறம் கைப்பிடியில் பார்க்கிங் பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள். மீட்டரில் பார்க்கிங் குறி தெரிந்தால் விஷயம் அத்தோடு முடிந்தது. ரிவர்ஸ் பொத்தான் பாதியில் மாட்டியிருக்கிறதா, வேகத்தை மாற்றும் ஒன்று இரண்டு மூன்று சுவிட்ச் இரண்டு எண்ணுக்கு நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ரிமோட் அலாரம் வைத்த வண்டியில் பூட்டு விழுந்திருந்தால் சக்கரத்தைத் தள்ளும்போதே இறுகும், ரிமோட்டில் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். சார்ஜர் வயர் செருகியிருந்தாலும் சில வண்டிகள் நகராது.

இன்னொன்று, நிறையப் பேர் கவனிக்காதது. ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கிப் பிடித்தபடியே சாவியைப் போட்டால் பல கன்ட்ரோலர்கள் வண்டியை எடுக்கவே விடாது. வண்டி பாய்ந்துவிடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. கைப்பிடி ரப்பர் நகர்ந்து பக்கத்து சுவிட்ச் பெட்டியோடு உரசினால் ஆக்சிலேட்டர் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாமல் நிற்கும், அப்போதும் இதேதான் நடக்கும். சாவியை அணைத்து, கைப்பிடியை நன்றாக முன்னால் திருப்பிவிட்டு, பத்து வினாடி கழித்துப் போடுங்கள்.

பிரேக் சுவிட்ச்: நான் முதலில் சந்தேகப்படுகிற ஆள்

பிரேக் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை கன்ட்ரோலர் உடனே நிறுத்திவிடும். இரண்டு பிரேக் லீவரிலும் இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. இரண்டில் ஒன்று ஒட்டிக்கொண்டாலும் போதும், நீங்கள் எப்போதும் பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பதாக கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும்.

இருட்டான இடத்தில் வண்டியை நிறுத்தி, லீவரைத் தொடாமல் பின்னால் பிரேக் லைட்டைப் பாருங்கள், அல்லது சுவர் ஓரம் நிறுத்தினால் சுவரில் விழும் சிவப்பைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தொடாமலே எரிந்தால் ஆள் கிடைத்துவிட்டான். எரியவில்லை என்பதற்காக விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் சில வண்டிகளில் லைட்டுக்குப் போகும் வயரும் கன்ட்ரோலருக்குப் போகும் வயரும் வேறு வேறு. அதனால் லீவரை இரண்டு மூன்று தடவை டக்கென்று விட்டு, வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முறுக்கிப் பாருங்கள். அப்போது ஓடினால் லீவரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கேபிள் இறுக்கமாக இருக்கிறது. புதிதாக பிரேக் டைட் வைத்த அன்றே வண்டி நகராமல் போவதற்கு இதுதான் காரணம், லீவர் முழுதாகத் திரும்பாததால் சுவிட்ச் விடுபடுவதில்லை.

அப்படியும் தெரியவில்லையா? ஹெட்லைட் மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு லீவரிலிருந்தும் இரண்டு மெல்லிய வயர் வந்து ஒரு சின்னக் கப்ளரில் முடிவதைப் பார்க்கலாம். சாவியை அணைத்து, இரண்டையும் கழற்றிவிட்டு, சாவி போட்டு மெல்ல முறுக்குங்கள். பெரும்பாலான வண்டிகளில் இந்த சுவிட்ச் அழுத்தும்போது மட்டும் இணைகிற வகை, அதனால் கழற்றிவிட்டால் கன்ட்ரோலர் "பிரேக் இல்லை" என்று எடுத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றினால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, எதை மாட்டியதும் நிற்கிறதோ அதை மாற்றுங்கள். சோதனைக்குக் கழற்றியதை அப்படியே விட்டுவிட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும், அவசரத்துக்குப் பிடித்தால் வண்டி சீக்கிரம் நிற்காது. கடைக்குப் போய் புது சுவிட்ச் வாங்கும்வரை வண்டியை வீட்டிலேயே வையுங்கள்.

பேட்டரி: நிற்கும்போது நல்ல பிள்ளை, ஓடும்போது?

மீட்டரில் நாலு கட்டம் காட்டுவதை நம்பவே வேண்டாம். சும்மா நிற்கும்போது கெட்டுப்போன பேட்டரிகூட நல்ல வோல்டேஜ் காட்டும், முறுக்கியதும்தான் அதன் உண்மை தெரியும்.

முறுக்கியதும் மீட்டரே அணைந்துபோய், எல்லாமே செத்துவிட்டால் மின்சாரம் வழியிலேயே அறுபடுகிறது என்று அர்த்தம். பேட்டரி முனையில் போல்ட் தளர்ந்திருக்கும், எம்.சி.பி. தேய்ந்திருக்கும், பேட்டரியை இணைக்கும் பெரிய கப்ளர் உருகியிருக்கும், லித்தியம் பேட்டரி என்றால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்பு சர்க்யூட் ஏதோ ஒரு செல் பலவீனமானதால் மொத்தத்தையும் மூடியிருக்கும். மீட்டர் எரிந்துகொண்டே இருக்க, மோட்டார் மட்டும் நின்றால் அது கன்ட்ரோலர் எடுத்த முடிவு: வோல்டேஜ் குறைந்ததால் நிறுத்தியிருக்கும், அல்லது பிரேக், ஆக்சிலேட்டர் பக்கம் கோளாறு. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதித் தேடல் மிச்சம்.

60 வோல்ட் லெட் ஆசிட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி ஐந்து வரிசையாக இருக்கும், 48 வோல்ட் என்றால் நாலு. முழுதாக சார்ஜ் ஏறி, சார்ஜரைக் கழற்றி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் 12.8 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மொத்தம் 64 வோல்ட் போல வரும். மல்டிமீட்டரை டி.சி. 200 வோல்ட்டில் வைத்து மொத்தத்தையும், 20 வோல்ட்டில் வைத்து ஒவ்வொன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் வண்டியை ஒரு சுற்று ஓட்டுங்கள், ஒரு மேட்டில் ஏற்றுங்கள், இழுவை குறைய ஆரம்பித்ததும் நிறுத்தி உடனே சீட்டைத் தூக்கி மறுபடியும் ஒவ்வொன்றாக அளங்கள். நாலு பேட்டரி 12க்கு மேல் நின்று ஒன்று மட்டும் பத்து பதினொன்றுக்கு இறங்கியிருந்தால் அதுதான் மற்ற நாலையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது. 60 வோல்ட் கன்ட்ரோலர்கள் மொத்த வோல்டேஜ் சுமார் 52க்கு இறங்கினால் மோட்டாரை நிறுத்திவிடும், 48 வோல்ட் என்றால் சுமார் 42. ஒரு பேட்டரி சரிந்தாலே மேடு ஏறும்போது மொத்தமும் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும், சமதளத்துக்கு வந்ததும் வோல்டேஜ் ஏறி வண்டி மறுபடி ஓடும். மேம்பாலத்தில் நின்று நின்று போகிற வண்டிகள் பலவற்றின் கதை இது.

ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். செட் வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் அதே பிராண்டில் அதே ஆம்பியரில் ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். இரண்டு வருடம் ஓடிய செட்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழைய நாலும் சீக்கிரம் காலியாகும், புதிது நிறையும் முன்பே பழையவை சூடாகும், இரண்டும் வீண். அந்த நிலைமையில் செட்டாக மாற்றுவதுதான் நல்லது.

சார்ஜரையும் சந்தேகப்படுங்கள். 60 வோல்ட் லெட் ஆசிட் சார்ஜர் முழு சார்ஜ் நேரத்தில் 73 வோல்ட் பக்கம் கொடுக்க வேண்டும். அது 66, 67லேயே நின்றால் பேட்டரி எப்போதும் அரை வயிற்றில்தான் இருக்கும், நீங்கள் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஓட்டி வந்ததும் பேட்டரி முனைகளுக்குப் பக்கத்தில் வயரின் ரப்பர் மேல் விரல் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு இடம் மட்டும் சுடுகிறது என்றால் அங்கே போல்ட் தளர்ந்திருக்கிறது. பஸ் போகிற சாலைக் குழிகளில் தினமும் குலுங்கும் வண்டிக்கு இது சாதாரணம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை இறுக்கினால் போதும்.

லித்தியம் பேட்டரியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம், எவ்வளவு கைத்தேர்ச்சி இருந்தாலும் வேண்டாம். பெட்டி உப்பியிருந்தாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ, சார்ஜ் போடாமல் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், எரியும் பொருள் இல்லாத பக்கம் வைத்துவிட்டு விற்றவருக்குச் சொல்லுங்கள்.

ஆக்சிலேட்டரை அளந்து பார்ப்பது

நம் கையில் முறுக்குகிற ஆக்சிலேட்டருக்குள் கேபிள் கிடையாது, ஒரு காந்தமும், காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும்தான். முறுக்க முறுக்க காந்தம் நகர்ந்து, சென்சார் தரும் வோல்டேஜ் ஏறும், அந்த வோல்டேஜைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் எவ்வளவு வேகம் வேண்டும் என்று முடிவு செய்கிறது. மூன்று வயர் இருக்கும்: சிவப்பு, கறுப்பு, இன்னொன்று பச்சையோ வெள்ளையோ நீலமோ.

கப்ளரை மாட்டியபடியே அதன் பின்பக்க ஓட்டை வழியாக மல்டிமீட்டரின் ஊசி முனையை உள்ளே தொடுங்கள், வயரைக் கீற வேண்டாம். சாவி போட்டிருக்கும்போது சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் 5 வோல்ட் வர வேண்டும், 4.3 வரை இருந்தாலும் பரவாயில்லை. அது வந்தால், கறுப்பு முனையை அங்கேயே வைத்து மற்றதை மூன்றாவது வயரில் தொடுங்கள். முறுக்காமல் இருக்கும்போது 0.8 முதல் 1 வோல்ட், மெல்ல முறுக்கும்போது விடாமல் ஏறி, முழுதாக முறுக்கினால் 3.5க்கு மேல் போக வேண்டும். சக்கரம் தரையில் படாமல்தானே இருக்கிறது, அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எண் அசையவே இல்லை என்றால் சென்சார் போய்விட்டது, அல்லது உள்ளே ஒட்டியிருந்த காந்தம் கழன்றுவிட்டது. 2 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது என்றால் அதுதான் வண்டி பாதி வேகத்துக்கு மேல் போகாததற்குக் காரணம். முறுக்காமலே 1.5 காட்டுகிறதா? கன்ட்ரோலர் பாதுகாப்புக்காக வண்டியை எடுக்க விடாது. நடுவில் ஓர் இடத்தில் எண் குதித்துக் குதித்து இறங்கினால் வண்டி ஓடும்போது திக்கித் திக்கிப் போகும். எல்லாவற்றுக்கும் தீர்வு ஒன்றுதான், ஆக்சிலேட்டர் கைப்பிடியை மாற்றுவது. அலன் கீ ஒன்று இருந்தால் அரை மணி நேர வேலை, கன்ட்ரோலர் விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். வயர் நிறம் பழையதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், நிறத்தைப் பார்த்து இணைக்காமல் எது 5 வோல்ட், எது கிரவுண்டு, எது சிக்னல் என்று தெரிந்துகொண்டு இணையுங்கள்.

சிவப்பில் 5 வோல்ட்டே வரவில்லை என்றால் இங்கேதான் நிறையப் பேர் அவசரப்பட்டு கன்ட்ரோலரைக் குற்றம் சொல்கிறார்கள். ஆக்சிலேட்டர் கப்ளரைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலர் பக்கம் இருந்து வரும் வயரில் மட்டும் அளங்கள். 5 வோல்ட் திரும்ப வந்துவிட்டால் ஆக்சிலேட்டர்தான் உள்ளே ஷார்ட் ஆகி அதை இழுத்துவிட்டிருக்கிறது. அப்போதும் வரவில்லையென்றால் மோட்டாரிலிருந்து வரும் ஐந்து மெல்லிய வயர் கொண்ட கப்ளரையும் கழற்றிவிட்டு இன்னொரு தடவை அளந்து பாருங்கள். மோட்டாரின் ஹால் சென்சார்களுக்கும் ஆக்சிலேட்டருக்கும் பெரும்பாலும் ஒரே 5 வோல்ட்தான் போகிறது, அங்கே ஷார்ட் ஆனால் இங்கேயும் செத்துவிடும். இரண்டையும் கழற்றியும் 5 வோல்ட் வரவில்லை, பேட்டரி மின்சாரமும் சாவி வயரும் கன்ட்ரோலர்வரை சரியாக வருகிறது என்றால்தான் கன்ட்ரோலர் போய்விட்டது என்று நம்பலாம்.

தண்ணீர், எலி, பச்சைக் களிம்பு

மழைக்கு அப்புறமோ வாட்டர் சர்வீஸ் விட்டதற்கு அப்புறமோ வந்த கோளாறு என்றால் மேலே சொன்ன அளவுகளுக்கு முன்பே கப்ளர்களைத் திறந்து பாருங்கள். செம்பில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்ததும் மாட்டுங்கள். நனைந்த வண்டியை உடனே சார்ஜில் போடாதீர்கள், நிழலில் ஒரு நாள் காய விடுங்கள். முழங்கால் தண்ணீரில் ஓட்டிய வண்டி என்றால் ஃபுட்போர்டுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோலருக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம், அதை முறுக்கிப் பார்க்காமல் கடைக்குத் தள்ளுவதே நல்லது. ஈரத்தோடு ஓட்டினால் காயவைத்துப் பிழைக்கக்கூடிய கன்ட்ரோலரும் எரிந்துவிடும்.

எலி வயரைக் கடிப்பது கிராமத்தில் மட்டும் நடப்பதில்லை. சீட்டுக்கு அடியில் எலிப் புழுக்கை கிடந்தால் வயர் கட்டை முழுநீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். ஹேண்டிலைத் திருப்பும் இடத்தில், அதாவது கழுத்துப் பகுதியில், வயர் மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்திருக்கும், வெளியே ரப்பர் நன்றாகவே தெரியும். சக்கரத்தைத் தூக்கிவிட்டு லேசாக முறுக்கியபடி ஹேண்டிலை இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். ஒரு பக்கம் ஓடி இன்னொரு பக்கம் நின்றால் அறுந்த இடம் அதுதான்.

உறுமுகிறது, உதறுகிறது, ஆனால் சுற்றவில்லை

முறுக்கியதும் மோட்டார் "கர்ர்" என்று உறுமி உதறுகிறது, காலால் உந்திவிட்டால் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்றால் ஆக்சிலேட்டர், பிரேக் சுவிட்ச் எல்லாம் சரி. மோட்டாருக்குப் போகும் மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று தடித்த வயர்களில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் மூன்று ஹால் சென்சாரில் ஒன்று கெட்டிருக்கிறது. தடித்த வயரின் போல்ட்டை முதலில் பாருங்கள், கருகியிருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். அதற்கு அப்புறம் ஐந்து மெல்லிய வயர் கப்ளரில், சாவி போட்டுவிட்டு, கறுப்பில் ஒரு முனையும் மஞ்சளில் மறுமுனையும் வைத்து சக்கரத்தைக் கையால் மெல்ல மெல்லச் சுற்றுங்கள். பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறி வர வேண்டும். பச்சை, நீலத்திலும் இப்படியே. எது மாறாமல் ஒரே எண்ணில் நிற்கிறதோ அந்த சென்சார் போய்விட்டது. மோட்டாரைத் திறந்து சால்டர் செய்து மாற்ற வேண்டிய வேலை, பழகிய கை இருந்தால் கொடுங்கள். சென்சாருக்காக முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால் வேறு ஒருவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

சாவி அணைத்திருக்கும்போதே வண்டியைத் தள்ள முடியாமல் விட்டுவிட்டு இறுகுகிறதா? எம்.சி.பி.யை அணைத்து, அந்த மூன்று தடித்த வயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று படாமல் டேப் சுற்றிவிட்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். இப்போது லேசாகச் சுற்றினால் கன்ட்ரோலருக்குள் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கிறது, இந்த இடத்தில் கன்ட்ரோலரை மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் சரிதான். கழற்றியும் இறுகினால் மோட்டார் சுற்று ஷார்ட், அல்லது பிரேக் டிரம் பிடித்திருக்கிறது, இல்லையென்றால் பேரிங்.

புதுக் கன்ட்ரோலர் போடும்போது வோல்ட்டும் ஆம்பியரும் பழையதோடு பொருந்த வேண்டும். போட்டதும் சக்கரம் பின்னோக்கிச் சுற்றினாலோ உறுமினாலோ பயப்பட வேண்டாம். பல கன்ட்ரோலர்களில் மோட்டாரின் வயர் வரிசையைத் தானே கற்றுக்கொள்வதற்கு என்று இரண்டு தனி வயர் இருக்கும், அவற்றை இணைத்து, சக்கரத்தைத் தூக்கியபடி சாவி போட்டால் மோட்டார் தானாகச் சுற்றும், சரியான திசையில் சீராகச் சுற்றியதும் பிரித்துவிடுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயரை வெட்டிக் கூடுதல் வேகம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 25 கி.மீ.க்கு மேல் போனால் பதிவும் லைசென்ஸும் வேண்டிய வண்டி அது, பிரேக்கும் டயரும் அந்த வேகத்துக்குச் செய்ததில்லை.

கெடவில்லை, ஆனாலும் பிக்கப் இல்லை

டயரில் காற்று குறைவாக இருந்தாலே பிக்கப் போய்விடும். பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் சிக்காமல் சில சுற்று ஓட வேண்டும், உடனே நின்றால் பிரேக் டைட்டைத் தளர்த்துங்கள். சித்திரை வெயிலில் வண்டியை வெளியே நிறுத்தி, இரண்டு பேர் ஏறி, அரிசி மூட்டையும் வைத்து ஓட்டினால் கன்ட்ரோலர் சூடேறித் தானாகவே சக்தியைக் குறைக்கும். கன்ட்ரோலரின் அலுமினிய உடம்பைச் சுற்றித் துணியோ சாக்கோ அடைத்து வைக்காதீர்கள், அதற்குக் காற்று பட வேண்டும். 250 வாட் மோட்டார் இரண்டு பேரை மேம்பாலத்தில் ஏற்றும்போது திணறுவது இயல்பு, அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

பெரிய கம்பெனி ஸ்கூட்டர் என்றால்

இவற்றில் சாவி போட்டதும் வண்டி ஓடாது. பல வண்டிகளில் சைடு ஸ்டாண்டு மேலே இருக்க, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அல்லது மோடு பொத்தானை அழுத்தினால்தான் ஓட்டும் நிலைக்கு வரும், அந்த வரிசை ஒவ்வொரு வண்டிக்கும் கையேட்டில் இருக்கிறது. திரையில் வரும் எச்சரிக்கையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அணைத்துப் போட்டால் அது மறைந்துவிடக்கூடும். சார்ஜ் மிகவும் குறைந்தாலும், பேட்டரியோ மோட்டாரோ சூடேறினாலும் வேகத்தைத் தானாகக் குறைக்கும், சூடுதான் காரணம் என்றால் நிழலில் அரை மணி நேரம் விட்டால் சரியாகிவிடும். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் சக்கரம் சுற்றவில்லை என்றால் பெல்ட் வைத்த வண்டியில் பெல்ட்டைப் பாருங்கள். இதற்கு மேல் மூடியைக் கழற்றினால் வாரன்டி போய்விடும், சர்வீஸுக்குத்தான் சொல்ல வேண்டும்.

கடைக்கே போவதானாலும் சும்மா போகாதீர்கள். நின்ற நிலையில் மொத்த வோல்டேஜ், ஓட்டிய பின் ஒவ்வொரு பேட்டரியின் வோல்டேஜ், ஆக்சிலேட்டரில் 5 வோல்ட் வந்ததா, சிக்னல் எதிலிருந்து எதுவரை ஏறியது, பிரேக் கப்ளரைக் கழற்றியபோது என்ன ஆனது என்று அந்தத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நல்ல மெக்கானிக் அதைப் பார்த்ததும் நேராக அந்த இடத்துக்குப் போய்விடுவார். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சித்தி அப்படி வாங்கி வைத்திருந்த பழைய கன்ட்ரோலரைத்தான் அன்று திரும்ப மாட்டிப் பார்த்தோம், இன்றும் அந்த வண்டி அதில்தான் ஓடுகிறது, புதிதாக வாங்கியது பரணில் இருக்கிறது.